அடகு வைத்த சண்டை

கேரவன் வாங்கக் கடன் கேட்டுப் போன தையல்காரம்மாவும் அவள் வீட்டுக்காரரும், ஈடு காட்ட வேறொன்றும் இல்லாததால், தங்கள் சண்டையை அடகு வைத்துவிட்டு வந்தார்கள். அந்த வருஷம் மழை கொஞ்சம் முந்திக்கொண்டது. கடன் கம்பெனி வாசலில் குடைகளுக்கென்று ஒரு வாளி வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் ஒரே தடத்தில் ஓட்டி, கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பித் திருப்பி, அதற்கு அப்பால் சாலை எங்கே போகிறது என்று பார்க்காமலே வீட்டுக்கு வந்துவிட்டவர். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற வீடு ஒன்று கிடைத்தால் அதைப் பார்த்துவிடலாம் என்பது அவர் ஆசை. ஆசை அவருடையதுதான், ஆனால் அந்த வீட்டு ஜன்னலோரத்தில் தையல் மெஷின் நிற்குமா என்று கடைக்கே போய் அளந்து வைத்திருந்தவள் அவள்.

குடியிருப்பது வாடகை வீடு, நகையெல்லாம் மகள் படிப்போடு போயிற்று, கார் தள்ளினால்தான் கிளம்பும். கம்பெனியில் மதிப்புப் போடுகிறவரை எல்லோரும் எடைக்கல் என்பார்கள். யார் கெஞ்சினாலும் அசையமாட்டார். அவர் கையை விரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட வாயெடுத்தபோதுதான் இவர்கள் இரண்டு பேரும் தொடங்கினார்கள்.

“நான்தான் அப்பவே சொன்னேனே, அந்தக் கம்பெனிக்குப் போவோம்னு.”

“நீங்க கையைக் காட்டினது செருப்புக் கடைங்க.”

“அதுக்குப் பக்கத்துல இருக்கிறதைத்தாம்மா காட்டினேன்.”

“பக்கத்துல பல் டாக்டர். போய் பல்லை அடகு வைங்க. மிச்சம் இருக்கிறதே நாலு.”

எடைக்கல் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு மெதுவாக, “இது எப்பம்மா ஆரம்பிச்சது?” என்றார்.

“கல்யாணத்தன்னைக்கு. போட்டோவுல இவர் கண்ணை மூடிட்டாரு.”

“நீ காலை மிதிச்சே, மூடினேன்.”

“நடுவுல விட்டதே இல்லையா?”

“எதுக்கு விடணும்?” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ஒட்டுப் போடாத பழைய சரக்கு, இப்போதெல்லாம் இப்படி வருவதில்லை என்று சொல்லி, எடைக்கல் முழுத் தொகைக்கும் மதிப்புப் போட்டார். திருகுமூடி உள்ள ஒரு தூக்குப் பாத்திரத்துக்குள் குனிந்து இரண்டு பேரும் கடைசியாக ஒரு தடவை சண்டை போட்டார்கள். மூடியைத் திருகியதும் தூக்கு சுட ஆரம்பித்தது. துணி சுற்றிப் பெட்டக அறைக்குக் கொண்டுபோனார்கள்.

கேரவன் வந்தது. மடக்குக் கட்டில், சின்ன அடுப்பு, பச்சைக் கோடு போட்ட வெள்ளை உடம்பு. அக்கம்பக்கத்தார் வந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் அது எங்கேயும் போய்ச் சேரவில்லை. சாலை பிரிகிற இடத்தில் அவர், “இடமா, வலமாம்மா?” என்பார். “உங்க இஷ்டங்க” என்பாள். “எனக்கென்ன, உன் இஷ்டம்தான்” என்பார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக் களைத்துப் போகும். கடைசியில் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் எந்த முடிவும் சண்டையில்தான் எடுக்கப்பட்டிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. போனில் பேசிய மகள் பாதியில் நிறுத்தி, “அம்மா, பின்னாடி சத்தமே இல்லையே, அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். தையல்காரம்மா என்னென்னவோ செய்து பார்த்தாள். டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டாள். மனிதர் முழுசாகக் குடித்துவிட்டு, “நல்லா இருக்கும்மா” என்றார். உங்களுக்கு பஸ் ஓட்ட யார் லைசென்ஸ் கொடுத்தது என்று கேட்டாள். “ஆமாம்மா, தப்புதான்” என்றார். அவள் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்து, நூலே கோக்காமல் ஒரு துணி முழுக்கத் தைத்தாள். பக்கத்திலேயே இருக்கிற மனுஷனை எங்கே போய்த் தேடுவது?

மறுநாள் காலையில் தனியாகக் கம்பெனிக்குப் போனாள். பொருளைப் பார்க்க அனுமதி உண்டு. தூக்கைத் துணியோடு மடியில் வைத்துக் காதைக் கொடுத்தாள். சண்டை உள்ளே சும்மா இருக்கவில்லை, நன்றாக வளர்ந்திருந்தது. இவர்கள் இன்னும் போய்ச் சேராத விஷயங்களுக்கெல்லாம் போயிருந்தது. கேரவன் ஜன்னலுக்குத் திரை எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று அவர் வாதாடிக்கொண்டிருந்தார். அதில் பாதி அவள் குரல்தான் என்றாலும் மறுபாதிக்குத்தான் அவள் காது ஏங்கியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, “வண்டியை எடுத்துக்கிட்டு இதைக் குடுத்துடுங்க” என்றாள்.

இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்றார் எடைக்கல். வீட்டுக்காரரைக் கூட்டி வந்தாள். அவர், “நீ சொன்னா சரிதாம்மா” என்றார். சொல்லும்போது அவர் பார்வை மட்டும் வாசலில் நின்ற கேரவன் பக்கம் போய்வந்தது. அதைப் பார்த்துவிட்ட பிறகு அவளுக்குப் பேனா ஓடவில்லை.

“வேண்டாங்க. உங்க இஷ்டப்படியே இருக்கட்டும்.”

“இல்லம்மா, உன் இஷ்டம்.”

“உங்களுக்கு எது சரின்னு படுதோ…”

வரிசையில் பின்னால் நின்று முணுமுணுத்தவர்கள் அடங்கிப்போனார்கள். எடைக்கல் மறுபடி கண்ணை மூடியிருந்தார். துணியை விரலால் தடவிப் பார்க்கிற ஆளின் முகத்தைத் தையல்காரம்மாவுக்கு நன்றாகத் தெரியும். குனிந்து, “ஐயா, அதுக்குப் பதிலா இதை வெச்சுக்கிறீங்களா?” என்றாள்.

“புதுசும்மா இது. வயசு பத்தாது.”

“கலப்படம் உண்டா, சொல்லுங்க.”

இல்லைதான் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கவுண்டரில் உட்காருகிறவர்கள் வருகிறவர்கள்மேல் எரிந்து விழுகிறார்கள் என்று அவருக்கு வந்திருந்த புகார்களும் கொஞ்சநஞ்சமில்லை. எடைக்கல் அசைந்த ஒரே நாள் அதுதான் என்று கம்பெனியில் சொல்கிறார்கள். இன்னொரு தூக்கு வந்தது. இரண்டு பேரும் குனிந்து, உன் இஷ்டம், உங்க இஷ்டம் என்று கடைசியாகச் சொன்னார்கள். அதை மூடிவிட்டுப் பழையதைத் திறந்தார்கள்.

“ஏம்மா, அன்னைக்கு டீயில உப்பையா போட்டே?”

“குடிச்சீங்கல்ல?”

“குடிச்சா? கொல்லப் பார்த்தியா?”

“நாலு பல்லை வெச்சுக்கிட்டு உப்பு என்ன, சர்க்கரை என்ன!” என்றாள் அவள், முகமெல்லாம் மலர்ந்து. கார் கிளம்பவில்லை, யார் தள்ளுவது என்பதில் ஆரம்பித்து அன்றைக்கே கடைசி பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். அதற்கு அப்பால் ஓர் ஏரியும், அதற்கும் அப்பால் வேறு சாலைகளும் இருந்தன. போன இடமெல்லாம் கிழிந்த கூடாரங்களும் குட்டையாகிப்போன கால்சட்டைகளும் அவளுக்காகக் காத்திருந்தன. தவணை அந்தத் தையல் கூலியிலேயே அடைந்தது. கடன் தீர்ந்ததும், அடகுப் பொருளை வந்து எடுத்துக்கொள்ளும்படி கம்பெனி சொல்லி அனுப்பியது. நம்ம பொருளை நாம விடலாமா என்று அவர் சொல்ல, அதைக் கொண்டுவந்து எங்கே வைக்கிறதாம் என்று அவள் கேட்க, அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தூக்கு கம்பெனிக் கவுண்டரிலேயே இருக்கிறது. தொட்டால் ஜில்லென்று இருக்கும். வெயில் காலத்தில் கவுண்டரில் இருப்பவர்கள் குடிதண்ணீர்ப் பாட்டில்களை அதை ஒட்டி அடுக்கி வைக்கிறார்கள்.