எட்டுக்குள் உட்கார்ந்த மூன்று

எங்கள் நாணயச் சங்கத்தின் கண்காட்சியில் நடுப்பெட்டி என்று ஒன்று உண்டு. மற்ற கண்ணாடிப் பெட்டிகள் சுவரோரம் வரிசையாக நிற்க, இது மட்டும் தனி விளக்கோடு கூடத்தின் நடுவில் ராஜா மாதிரி வீற்றிருக்கும். பதினொரு வருடமாக அதில் என் நாணயம்தான். ஆண்டு எண்ணின் கடைசி இலக்கம் மூன்று. அந்த வருடம் நாணயச்சாலையில் அடித்ததே கொஞ்சம். உலகத்தில் மிச்சம் இருப்பது நான்கே நான்கு என்று நான் சொல்வேன். நாலாயிரமாவது இருக்கும் என்பார் சங்கச் செயலாளர். அவருக்குக் கற்பனை போதாது.

இந்த வருடம் அந்த நடுப்பெட்டிக்கு ஆபத்து வந்தது, என் சம்பந்தியின் உருவத்தில்.

சம்பந்தி பல் டாக்டர். ஓய்வு பெற்றதும் பொழுது போகாமல் நாணயத்தில் இறங்கினார். இறங்கிய ஆறாவது மாதமே, ஏதோ ஒரு பழைய சாமான் கடையில் அதே மூன்றைப் பிடித்துவிட்டார். எனக்கு அது சிக்க இருபது வருடம் ஆயிற்று. வாங்கிய கையோடு நேரே என் வீட்டுக்குத்தான் வந்தார்.

"உங்களது ஒத்தையா இருக்கே சம்பந்தி, துணைக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்" என்று பல்செட் டப்பாவைத் திறந்தார். பஞ்சு மெத்தையில் நாணயம் படுத்திருந்தது.

"ரொம்ப சந்தோஷம்" என்றேன். வயிற்றெரிச்சலில் அன்று என் மேல் தோசைக்கல்லை வைத்திருந்தால் பழுத்திருக்கும்.

என்னுடையதையும் அதன் மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்து, இரண்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்து, பூதக்கண்ணாடியால் மாறி மாறிப் பார்த்தோம். பிறகு காற்று வாங்க பால்கனிக்குப் போனோம். திரும்பி வந்தால் மேசை பளிச்சென்று இருந்தது. என் மனைவி அப்படித்தான். மேசையில் யானையே நின்றாலும் மூன்று நிமிடத்தில் மடித்து அலமாரியில் வைத்துவிடுவாள். நாணயங்கள் டப்பாக்களுக்குள் போயிருந்தன. அவர் பல்செட் டப்பாவோடு கிளம்பினார்.

செயலாளர் தீர்ப்புச் சொன்னார்: "மூணு போட்ட காசு ரெண்டு இருந்தாலும், நடுப்பெட்டிக்கு ஒண்ணுதான். ஆண்டு எண்ணைப் படத்து மேல படம் வச்சுப் பார்ப்போம். எது சுத்தமோ அது நடுவுல."

படத்தின் மேல் படம் வைப்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாற்பது வருடம் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தவன் நான். போன மாதப் படத்தின் மேல் இந்த மாதப் படத்தை வைத்து, எலும்பு கூடியதா என்று டாக்டருக்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். பத்து லட்சம் எலும்பாவது பார்த்திருப்பேன். கணினியில் செய்வது மட்டும்தான் புதிது. அதை என் மகள் சொல்லித் தந்தாள். அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவள். பல் டாக்டரின் மருமகளும் அவளே. இரண்டு நாணயங்களையும் ஒரே கேமரா, ஒரே விளக்கு, ஒரே உயரத்தில் படம் எடுத்துக் கொடுத்தாள்.

"ஒரு படத்துக்குச் சிவப்பு, இன்னொண்ணுக்கு நீலம். மேல இருக்கிற லேயரைப் பாதி மங்கலாக்கிட்டு, முதல்ல விளிம்போட விளிம்பைச் சேருங்க. எண் ஒத்துப்போனா ஊதாவாகிடும். ஒத்துப்போகலைன்னா சிவப்பும் நீலமும் தனித்தனியா பிதுங்கும். அப்பா, இதை வச்சு வம்பு பண்ணக்கூடாது."

"நானா?" என்றேன், பச்சைக் குழந்தையின் முகத்தோடு.

அவள் வேலைக்குக் கிளம்பியதும் வம்பை ஆரம்பித்தேன். சங்க ஆல்பத்தில் பதினொரு வருடத்துக்கு முன் எடுத்த என் நாணயத்தின் படம் இருந்தது. அதை நீலமாக்கினேன். சம்பந்தியுடையதைச் சிவப்பாக்கி மேலே நகர்த்தினேன். பிதுங்கும், அவர் மானம் கப்பலேறும் என்று நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

முழுசாக ஊதா. மூன்றுக்குக் கீழே கொசு கடித்தது போல ஒரு வடு உண்டு, அதுவும் ஊதா. ஒரே கொசு, ஒரே இடத்தில், இரண்டு நாணயத்தைக் கடிக்குமா?

அடுத்து, என் டப்பாவில் இருந்த நாணயத்தின் படத்தை வைத்தேன். சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் பிதுங்கியது. வடுவைக் காணோம். சந்தேகம் தட்டி, எல்லோரிடமும் கிடக்கிற, ஆண்டு எண் எட்டில் முடியும் நாணயம் ஒன்றைப் படமெடுத்து அதன் மேல் பொருத்தினேன். என் மூன்று அந்த எட்டுக்குள் அச்சாக உட்கார்ந்துகொண்டது. எவனோ எட்டின் இடது பக்கத்தைச் சுரண்டி மூன்றாக்கியிருக்கிறான்.

அதாவது, அன்று என் மனைவி டப்பா மாற்றிப் போட்டுவிட்டாள். அசல், சம்பந்தியின் பல்செட் டப்பாவில் சொகுசாகத் தூங்குகிறது. கண்ணைக் கட்டிவிட்டாலும் என் நாணயத்தை மோந்தே கண்டுபிடிப்பேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன், ஏழு வாரமாகப் போலியைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறேன்!

மாலையில் மனைவியிடமும் மகளிடமும் படங்களைக் காட்டினேன். மகளின் முகம் மாறிவிட்டது.

"அப்பா, மாமாகிட்ட போய் 'உங்க டப்பால இருக்கிறது என்னோடது, உங்களோடது டூப்பு'ன்னு சொல்லப்போறீங்களா? அப்புறம் நான் அந்த வீட்ல எப்படி நிம்மதியா ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிறது?"

"அதோட, நீங்க சொன்னா ஊர் நம்பாது" என்றாள் மனைவி. "போன மாசம் படிக்கட்டுல பத்தடி பாம்புன்னீங்க. அது துணி காயப்போடுற கயிறு."

"ஆனா பத்தடி!"

யாரும் சிரிக்கவில்லை. பேசாமல் இருந்தால் நடுப்பெட்டி போயிற்று; பேசினால் மகளின் நிம்மதி போயிற்று. இரண்டு நாள் யோசித்து ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். டப்பாவை மாற்றியது என் மனைவியின் சுறுசுறுப்பு. அதையே இன்னொரு முறை அவிழ்த்துவிட்டால் போதாதா?

"கண்காட்சிக்கு முன்னால கடைசியா ஒரு தடவை ரெண்டையும் சேர்த்துப் பார்ப்போம், சாப்பிட வாங்க" என்று சம்பந்தியைக் கூப்பிட்டேன். நான் முடிப்பதற்குள் சரி என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் நாணயங்களை வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். "செடி பார்க்கலாம் வாங்க" என்று திரும்பினால் அவர் ஏற்கெனவே பால்கனியில் நின்றிருந்தார். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு செடி. அதன் ஒவ்வொரு இலைக்கும் பிறந்த கதை சொல்லி அரை மணி நேரம் ஓட்டினேன். அவரும் "அப்படியா, அப்படியா" என்று அசையாமல் நின்றார்.

உள்ளே வந்தால், தட்டுகளைக் காணோம். மேசை துடைத்தாகிவிட்டது. நடுவில் இரண்டு நாணயமும் வைத்தது வைத்தபடி.

"போன தடவை நான் எடுத்து வச்சுத்தான் மாறிப்போச்சாம்" என்றாள் மனைவி, ஈரத் துணியைப் பிழிந்தபடி. "இனிமே நான் தொடமாட்டேன். அவங்கவங்களோடதை அவங்கவங்களே எடுத்து வச்சுக்குங்க."

போட்டு உடைத்துவிட்டாள்! நான் தரையைப் பார்த்தேன். சம்பந்தி நிதானமாக உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணு எனக்கும்தானே லேயர் சொல்லிக் குடுத்தா" என்றார். "சங்க ஆல்பத்துப் படத்து மேல வச்சுப் பார்த்தேன். மூணு வாரமா தெரியும். எது சொந்தப் பல், எது கட்டின பல்லுன்னு தூரத்துலயே சொல்லிடுவேன். இந்தக் கட்டின மூணுல ஏமாந்துட்டேன். எப்படிச் சொல்றதுன்னு வெட்கமா இருந்தது. இன்னைக்குச் சம்பந்தியம்மா மேசை துடைப்பாங்கன்னு நம்பித்தான் வந்தேன்."

சொல்லிவிட்டு, சுரண்டிய நாணயத்தைத் தானே எடுத்துப் பல்செட் டப்பாவில் வைத்தார். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

"ரெண்டும் அசல்தான்னு செயலாளர்கிட்ட அடிச்சு விடட்டுமா?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னா யார் நம்புவா சம்பந்தி?" என்று சிரித்தார்.

கண்காட்சியன்று என் அசல் நடுப்பெட்டியில் ஜொலித்தது. பக்கத்தில் புதுச் சட்டையோடு நான் நின்றேன். ஒரு மணி நேரத்தில் வந்தது ஒரே ஆள்: பல்பைச் சரிசெய்ய வந்த செயலாளர். கூட்டமெல்லாம் மூலையில் இருந்த சம்பந்தியின் பெட்டியைச் சுற்றி. அவர் பல்செட் டப்பாவைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு திரையையும் நிறுத்தி, 'ஏமாந்தவர்: பல் டாக்டர். ஏமாற்றியது: எட்டு' என்று எழுதி ஒட்டியிருந்தார். திரையில் விரலை இழுத்தால் மூன்று மெல்ல மெல்லச் சதை போட்டு எட்டாகும். விட்டால் மறுபடி மூன்று. ஒவ்வொரு தடவையும் "ஓ!" என்ற சத்தம். வரிசையில் ஆயிரம் பேர் நின்றார்கள். பதினெட்டு என்கிறாள் மகள்.

கடைசியில் நானும் போய் வரிசையில் நின்றேன்.

"வாங்க சம்பந்தி, உங்களுக்குமா?" என்றார்.

மூன்று தடவை விரலை இழுத்துப் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தேன். "அடுத்த வருஷம் நாம மாத்திக்கலாமா?"

அவர் சட்டென்று பல்செட் டப்பாவை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.