ரோஜாப் பாத்தி மண்

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் ஜப்பான்காரன் வந்ததும் மலாயாவில் கூலிம் பக்கத்து அந்தத் தோட்டத்தில் ரப்பர் பாலை வாங்க ஆளில்லாமல் போனது. மரங்களை வெட்டித் தள்ளி, குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்து, மரவள்ளி போடச் சொன்னார்கள். நமக்கும் நிலம் கிடைத்ததே என்று பூரித்துப் போனாள் மருதம்மாள். அந்தப் பூரிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை.

மண்ணைச் சோதிக்கப் போகிறார்களாம். விளையாத மண்ணை வைத்திருக்கிறவனைச் சயாமுக்கு ரயில் ரோடு போட அனுப்பிவிடுவார்களாம். யார் சொன்னது என்று கேட்டால் கூலிகள் குடியிருந்த லயத்தில் ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைக் கை காட்டினார்கள். சயாமுக்குப் போனவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை. மருதம்மாளின் புருஷன் இருளப்பனோ, நாலடி நடந்தால் இருமுகிற ஆள். அங்கே போனால் பிழைக்க மாட்டான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

சோதிக்கிற வேலை, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சிவகுருவுக்கு. யாழ்ப்பாணத்து மனிதர். துரை விட்டுப்போன நீலத் தாள் கொஞ்சம் அவரிடம் இருந்தது. ஈர மண்ணில் வைத்தால், புளித்த மண்ணுக்கு அந்தத் தாள் சிவந்துவிடும்.

"உங்கட துண்டில நாலு மூலையிலயும் சாண் ஆழம் தோண்டி, கலந்து கொண்டு வாங்கோ. என்ன குறையெண்டு தெரிஞ்சால்தான் மருந்து சொல்லலாம்" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

இதை நம்ப லயத்துச் சனத்துக்கு என்ன பைத்தியமா?

"கிராணி சொல்றபடி செய்யேன்லா. நல்ல மனுசன்தானே" என்றான் இருளப்பன்.

"ஜப்பான்காரன் பக்கத்துல நிக்கிறவரு எவ்வளவு நல்லவரா இருந்தா என்ன? நம்ம செடியெல்லாம் மஞ்சளடிச்சுக் கெடக்கு. அந்த மண்ணக் காட்டி நானே ஒங்கள சயாமுக்கு ஏத்திவிடவா?"

மத்தியானம் சனமெல்லாம் வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது கூடையை எடுத்துக்கொண்டு துரையின் மேட்டுப் பங்களாவுக்குப் போனாள். துரைசானி சாணமும் சுண்ணாம்பும் போட்டுப் பிள்ளை மாதிரி வளர்த்த ரோஜாப் பாத்தி அங்கே இருந்தது. போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்கப் புதுக் குழி! லயமே அவளுக்கு முன்னால் வந்துபோயிருந்தது. மிச்சமிருந்த ஓரத்தில் சுரண்டிக்கொண்டு வந்தாள்.

போகாதவன் பிச்சை ஒருவன்தான். அவன் நேர்மையானவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மேடேறச் சோம்பல்பட்டு, தன் துண்டிலேயே தோண்டிக் கொண்டுவந்துவிட்டான்.

ஜப்பான்காரன் பார்த்துக்கொண்டு நிற்க, கிராணி ஒவ்வொரு மண்ணிலும் தாளை வைத்தார். எல்லாம் நீலம். "பாகுஸ்! பாகுஸ்!" என்று தனக்குத் தெரிந்த மலாயில் பாராட்டி, இருளப்பனின் முதுகில் தட்டினான் ஜப்பான்காரன். பிச்சையின் தாள் மட்டும் செக்கச் செவேலென்று ஆனது. மருதம்மாளுக்கு அவன்மேல் இரக்கமாகக்கூட இருந்தது. அவன் பெண்டாட்டி செல்லாயியின் கையைப் பிடித்து, "மனச விட்டுறாதே" என்று ஆறுதல் சொன்னாள்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லாரும் கூடியபோது உத்தரவை கிராணி வாசித்தார். குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"நல்ல மண்ணைப் பாக்கப் பொம்பிளையள் போதுமாம். ஆம்பிளையள் சயாமுக்கு. புளிச்ச மண்ணைத் திருத்த ஆள் வேணும், பிச்சை இஞ்ச நிக்கட்டாம்."

"ஐயா, அது எங்க மண்ணே இல்லீங்க! பங்களா மண்ணு!" என்று அலறினாள் மருதம்மாள்.

அவள் என்ன சொல்கிறாள் என்று ஜப்பான்காரன் கேட்டான். ஏமாற்றினார்கள் என்று தெரிந்தால் அங்கேயே தலை உருளும். கிராணி அவளைப் பார்த்தார், பிறகு அவனிடம் திரும்பி, நன்றி சொல்கிறாள் என்றார்.

"பாகுஸ்" என்றான் அவன்.

லாரி போன பிறகு மருதம்மாள் தன் துண்டில் நாலு மூலையிலும் சாண் ஆழம் தோண்டி, கலந்து, கிராணியிடம் கொண்டுபோனாள். தாள் சிவந்தது. "சாம்பல் போடு, பிள்ளை. வந்திடும்" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

வந்தது. மரவள்ளி தொடை பருமனுக்கு இறங்கியிருந்தது. ஒற்றை ஆளாகப் பிடுங்க முடியாமல், லயத்தில் மிச்சமிருந்த ஒரே ஆம்பிளையைக் கூப்பிட்டாள். கொட்டாவி விட்டுக்கொண்டே வந்த பிச்சை ஒரு கிழங்கை இழுத்துத் தூக்கிப் பார்த்தான்.

"அக்கா, ஒங்க மண்ணு நல்ல மண்ணுலா!"

இருளப்பன் லாரியேறியபோதுகூட வாய்விட்டு அழாத மருதம்மாள், அப்போது அழுதாள்.