வாசலுக்கு ஒரு ஜோக்

தனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்று ஒரு வீட்டில் அப்பா முடிவு கட்டிவிட்டால், அப்புறம் அந்த வீட்டுக்கு விமோசனம் கிடையாது. அமெரிக்காவில் டி மாய்ன் நகரத்தில் லோவெல் யான்சன் அப்படித்தான் முடிவு கட்டியிருந்தார். பகலெல்லாம் காப்பீட்டுக் கம்பெனியில் உட்கார்ந்து, யார் எந்த வயதில் சாவார்கள் என்று கணக்குப் போடுகிற மனிதர். மீதிப் பொழுதில் ஜோக் எழுதுவார். ஊர் வழக்கமும் அவருக்குத் தோதாக அமைந்துவிட்டது. மற்ற ஊர்களில் ஹாலோவீன் அன்று பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு பையை நீட்டினால் போதும், மிட்டாய் விழும். இங்கே அதற்கு முந்தின நாளே பிச்சைக்கார ராத்திரி. சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுவரை. வாசலுக்கு வாசல் ஒரு ஜோக் சொன்னால்தான் மிட்டாய்.

மற்ற அப்பாக்கள் காரில் ஏறும்போது ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொடுத்து அனுப்புவார்கள். லோவெல் ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொரு பிள்ளைக்கும் வயதுக்குத் தக்கபடி பதினைந்து ஜோக், எந்த வீட்டுக்கு எது என்று அட்டவணை, சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை. சிரிப்பு வருகிறதோ இல்லையோ, அட்டவணை பிசகாது.

இந்த வருஷம் அட்டவணையிலேயே ஓட்டை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பீன்ஸ் சில்லியும் சினமன் ரோலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மூத்தவள் பிரின் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அப்பா, இந்தத் தடவ நான் வரல. டெஸ்ஸா வீட்ல ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேந்து மிட்டாய் குடுக்கப் போறோம்."

"குடுக்கப் போறியா? வாங்குற வயசே உனக்கு இன்னும் முடியலயே!"

"எனக்குப் பதிமூணு வயசுப்பா. கையில துண்டுச்சீட்ட வச்சுக்கிட்டு வாசல் வாசலா நின்னேன்னா, ஸ்கூல்ல மானமே போயிடும்."

"அப்ப சீட்டு வேணாம். மனப்பாடம் பண்ணிக்கோ."

"லோவெல், விட்டுடு" என்றாள் அவர் மனைவி ஜனெல்.

"நான் இப்ப என்ன சொல்லிட்டேன்? தாராளமா போகட்டும்" என்று சொல்லிவிட்டு, பல்பு மாற்ற வேண்டும் என்று கராஜுக்குப் போனார். ஒரு பல்பு மாற்ற முக்கால் மணி நேரம் பிடித்தது.

உண்மையைச் சொன்னால், ஜோக் எல்லாம் ஒரு சாக்கு. வருஷத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் மூத்தவள் அவரோடு சேர்ந்து நடப்பாள். மற்ற நாளெல்லாம் அவள் அறைக்கதவு சாத்தியே இருக்கும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவர் எதற்கு ஜோக் எழுதிக்கொண்டு உட்காரப் போகிறார்?

ஆனால் அவர் விடுகிற ஆளும் இல்லை. போகிற பாதையைக் கொஞ்சம் மாற்றினார். நாலு தெரு தள்ளி இருக்கிற டெஸ்ஸா வீட்டைக் கடைசியில் சேர்த்தார். பிள்ளைகள் அங்கே போய் ஒரு போடு போட்டால், சபாஷ் என்று பிரினும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்பது திட்டம். திரும்பி வருகிற வழியிலாவது கூட நடப்பாள் அல்லவா?

அக்டோபர் முப்பதாம் தேதி குளிர் எலும்பைத் துளைத்தது. ஒன்பது வயது ஆண்டர்ஸ் சுறாமீன் வேஷம், நாலு வயது போஸி தேனீ. ஜனெல் இரண்டு பேருக்கும் தடித்த கோட்டை மாட்டிக் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டாள். அதற்குப் பிறகு சுறாவும் இல்லை, தேனீயும் இல்லை. தெருவில் வந்த அத்தனை பேயும் பிசாசும் இளவரசியும் அதே லட்சணத்தில்தான் வந்தன. லோவெல் மட்டும் சோளக்கொல்லை பொம்மை வேஷம் தெரியவேண்டும் என்று கோட்டே போடாமல், வைக்கோல் தொப்பியோடு நடுங்கிக்கொண்டு நடந்தார்.

முதல் வாசல் பக்கத்து வீட்டு டுவைட்டுடையது. ஆண்டர்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பேய்க்கு ஏன் ஆயுள் காப்பீடு தரமாட்டாங்க?"

"ஏன் தம்பி?"

"ஏற்கெனவே செத்துப்போன விஷயத்த விண்ணப்பத்துல மறைச்சிடுச்சு." டுவைட் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, பொறுப்பான பிள்ளை அல்லவா, விளக்கமும் கொடுத்தான். "அப்படி மறைச்சா பாலிசி செல்லாது."

"ஓஹோ" என்று டுவைட் ஒரு மிட்டாயைப் போட்டார். "நீ சொல்லும்மா."

போஸிக்கு ஒதுக்கியிருந்தது பூசணிக்காய் ஜோக். அது அவளுக்கு மறந்துபோய்விட்டது. பையையும் டுவைட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கப்பா பாத்ரூம்ல கண்ணாடியப் பாத்து ஜோக் சொல்லுவாரு. அப்புறம் அவரே சிரிச்சுக்குவாரு."

டுவைட் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளேயிருந்து பெண்டாட்டியைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். மூன்று மிட்டாய் விழுந்தது.

"செல்லம், அது ஜோக் இல்ல" என்றார் லோவெல் படியிறங்கும்போது.

"அவங்க சிரிச்சாங்களே."

"இருந்தாலும் அது வீட்டு விஷயம். நம்ம பூசணிக்காய்..."

"பூசணிக்காய்க்கு யாருமே சிரிக்கல. நீ மட்டும்தான் சிரிச்ச."

அடுத்த வாசலில், அப்பா வாயைத் திறந்தால் அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவாள் என்ற செய்தி வெளியாயிற்று. அதற்கடுத்த வாசலில் அப்பாவின் தொப்பை. ஐந்தாவது வாசலுக்குள் ஆண்டர்ஸுக்குச் சந்தை நிலவரம் புரிந்துவிட்டது. இரண்டு மாதம் மனப்பாடம் செய்த சீட்டை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டுத் தங்கைக்கு மேனேஜராகிவிட்டான்.

"போஸி, அடுத்த வீட்ல அப்பா மூக்குக் கண்ணாடிய தலையில வச்சுக்கிட்டே வீடெல்லாம் தேடினத சொல்லு. அதுக்கு நல்லா விழும்."

"ஆண்டர்ஸ்! நீயுமாடா?"

"நம்ம ஜோக் போணி ஆகலப்பா. நான் என்ன பண்ணட்டும்?"

பத்து வாசல் தாண்டுவதற்குள் லோவெலின் மானம் தெரு முழுக்கப் பங்குபோட்டு முடிந்தது. ஆனாலும் அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. டெஸ்ஸா வீடு இன்னும் பாக்கி இருந்தது.

கதவைத் திறந்தது பிரின்தான். முகத்தில் பூனை மீசை வரைந்திருந்தாள், கையில் மிட்டாய்க் கிண்ணம். அவளுக்குப் பின்னால் டெஸ்ஸாவும் இன்னும் ஐந்தாறு பெண்களும். தொப்பியைப் பார்த்ததும் பிரின் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தாள்.

"ஐயோ, உன் தங்கச்சியா? சோ க்யூட்! ஜோக் சொல்லும்மா" என்றாள் டெஸ்ஸா.

லோவெல் போஸியின் தோளை அழுத்தினார். "பூசணிக்காய்" என்று காதில் ஓதினார். போஸி அக்காவையே பார்த்தாள்.

"நீ வரமாட்டேன்னு சொன்னல்ல? அப்பா கராஜுக்குப் போயி அழுதாரு."

அத்தனை பெண்களும் கொல்லென்று சிரித்தார்கள். பிரின் சிரிக்கவில்லை. பூனை மீசைக்குக் கீழே முகம் சிவந்துபோயிற்று.

"அழல, அழல. வெங்காயம் நறுக்கினேன், அதான்" என்றார் லோவெல்.

"கராஜ்ல ஏதுப்பா வெங்காயம்?" என்றான் ஆண்டர்ஸ், தெரியாமல்தான் கேட்டான்.

மறுபடி சிரிப்பு. "அங்கிள், நீங்களும் வேஷம் போட்டிருக்கீங்க. நீங்களும் ஒண்ணு சொல்லியாகணும்" என்று டெஸ்ஸா பிடித்துக்கொண்டாள்.

மூன்று மாதமாக நாற்பத்தைந்து ஜோக் எழுதின மனிதருக்கு அந்த வாசலில் நாக்கு ஒட்டிக்கொண்டது. குளிரில் பல்லும் கிடுகிடுத்தது.

"சொல்லுப்பா" என்றாள் பிரின் மெதுவாக.

"ஒரு எலும்புக்கூடு... எக்ஸ்ரே எடுக்கப் போச்சாம். டாக்டர் பாத்துட்டு, 'படம் எதுக்கு? நீங்களே வந்துட்டீங்களே'ன்னாராம்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி செல்போனைப் பார்த்தாள். பெண்களின் உதடுகள் வேறு மாதிரியான சிரிப்புக்குத் தயாராவது லோவெலுக்குத் தெரிந்தது.

அப்போது பிரின் சிரித்தாள். நன்றாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அவள் சிரித்ததும் மற்றவர்களும் கூடச் சிரித்தார்கள். "சூப்பர்ப்பா" என்று சொல்லிக் கிண்ணத்தில் தேடிப் பெரிய சாக்லேட்டாக ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "தொப்பி அழகா இருக்கு. படி வழுக்கும், பாத்து இறங்கு."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

லோவெல் அங்கேயே நின்றார். அந்தச் சிரிப்பு அவருக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்புதான். வாசலில் வந்து நிற்கிற குழந்தை உளறிக்கொட்டினாலும், அதன் மனசு நோகக்கூடாது என்று பெரியவர்கள் சிரிப்பார்களே, அதுதான். ஒவ்வொரு வருஷமும் அவரே எத்தனையோ பிள்ளைகளுக்குச் சிரித்திருக்கிறார். கோட்டை மாட்டிக்கொண்டு அவள் வரப்போவதில்லை, இனி எந்த வருஷமும் வரப்போவதில்லை.

போஸி அவர் கையைப் பிடித்து ஆட்டினாள். "அப்பா, அப்பா! அக்கா எவ்ளோ சிரிச்சா! உன் ஜோக் ரொம்ப நல்லா இருந்துச்சு இல்ல?"

"இல்ல செல்லம்" என்றார் லோவெல். "அக்கா ரொம்ப நல்லவ."