கவிழ்த்த மங்கு

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது. தப்பு என்னுடையது.

மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதுகிறேன். ரந்தாவ் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். பால் சொட்டுவதற்காக மரத்தில் மாட்டியிருக்கும் கிண்ணம், அந்த மங்குதான் அதில் குறியீடு. படிப்பைப் பாதியில் விட்டு நைட் ஷிப்ட் பார்க்கிறவனுக்குக் குறியீடு எதற்கு என்பீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள்.

2

தொடக்கம், நான்காவது முறை:

“மழை விடவில்லை. மங்குகள் எல்லாம் கவிழ்ந்திருந்தன. மரங்கள்கூட அழுது…”

வேண்டாம். மரம் அழாது.

(மழையில் பால் வெட்ட முடியாது. தண்ணீர் தேங்காமலிருக்க மங்கைக் கவிழ்த்துவிடுவார்கள். அன்று வேலை இல்லை. ஆகவே கவிழ்ந்த மங்கு என்றால் பசி.)

கடைசி அத்தியாயத்தில் தோட்டம் விற்கப்படுகிறது. மறுபடி மழை, மறுபடி கவிழ்ந்த மங்குகள், ஜனங்கள் மூட்டையோடு கிளம்புகிறார்கள். அது நிஜத்தில் நடந்தபோது எனக்கு இரண்டு வயது. அப்போது எடுத்த ஒரே ஒரு போட்டோவை வைத்து எழுதினேன். வெள்ளிக்கிழமை பதிப்பாளருக்கு அனுப்ப வேண்டும்.

3

அதற்கு முன் போட்டோவையும் எடுத்துக்கொண்டு பாரோயில் அக்கா வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். அக்கா தனலெட்சுமி அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவள். நாவலை அவளுக்குத்தான் சமர்ப்பித்திருந்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

“மழைனு எவன்டா சொன்னான்?”

“போட்டோவுல மங்கெல்லாம் கவுந்திருக்குல்ல?”

“கீழ பாரு. மரத்துக்கு நெழலு விழுந்திருக்கு. மழையில நெழலு விழுமா லா?”

பார்த்தேன். மரத்துக்கு மரம் நிழல். மூன்று வருடம் மேசையில் கிடந்த படம்.

“அப்ப யாருக்கா கவுத்தது?”

“நாங்கதான். வேற வீடு குடுக்காம லயத்தைக் காலி பண்ணச் சொன்னானுங்க. பொம்பளைங்க முப்பத்தொரு பேரு போயி, ஒரு நெரை விடாம கவுத்துட்டு, பால் வெட்டாம ஒக்காந்துட்டோம். எங்கள வேலை வாங்குற மண்டோர் மாயாண்டி ஒவ்வொண்ணா நிமித்திக்கிட்டே வந்தாரு. பின்னாலயே எங்கள்ல மங்கம்மா கவுத்துக்கிட்டே வந்தா. அந்தாளுக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சு!”

சிரித்தாள். அப்புறம் கத்தியைக் கீழே வைத்தாள்.

“பதினெட்டு நாளு ஒக்காந்தோம். இந்த வீடு சும்மா வந்துச்சுனு நெனைச்சியா? மழைதான் கவுத்துச்சுனா என் பேரை எடுத்துரு.”

4

குறியீட்டின் பொருளை மாற்றுவது எழுத்தாளனின் வேலை என்று நினைத்திருந்தேன். இல்லை. எனக்கு முன்பே முப்பத்தொரு பெண்கள் மாற்றிவிட்டார்கள். அதே மங்கு, அதே கவிழ்ப்பு. எனக்கு மிச்சம் இருந்தது கடைசி அத்தியாயத்தில் மழையை நிறுத்துவதுதான். நிறுத்தினேன்.

முதல் அத்தியாயத்து மழை அப்படியே இருக்கும். கவிழ்ந்த மங்கு பசி என்று தெரிந்தவர்களுக்குத்தான் வேண்டுமென்றே கவிழ்ப்பது என்ன என்று புரியும்.

(மாயாண்டியை வில்லனாக எழுதியிருந்தேன். இடுப்பு பிடித்தவனை இனி எப்படி…)

5

முடிவு ஒன்று: மங்கம்மா கடைசி மங்கைக் கவிழ்க்கிறாள்.

முடிவு இரண்டு: வீட்டுச் சாவி கிடைத்த அன்று அக்கா ஒரு மங்கை நிமிர்த்தி அதில் காப்பி… கேட்டுவிட்டு, “சீ, நாறும்டா” என்றாள். அந்த முடிவை அடித்துவிட்டேன்.

சமர்ப்பணத்தில் தன் பேர் மட்டும் போதாது, முப்பத்தொரு பேரும் வேண்டும் என்கிறாள். இருபத்தெட்டு ஞாபகம் இருக்கிறது. மீதி மூன்றுக்குக் காலையிலிருந்து போனில் இருக்கிறாள். அந்தச் சமர்ப்பணப் பக்கத்தைப் போல ஒரு பக்கத்தை நான் எழுதியதில்லை.

நாவலின் கடைசி வரி இது:

“நிரையின் கடைசி மரத்தில் மங்கு ______ இருந்தது.”

இப்படியே அனுப்புகிறேன். நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். எழுதும் முன் தரையில் நிழல் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.