கூரை மேல ஏறுன வாடகை

ஒதிலியா சாப்பாட்டுத் தட்டுகள ஒவ்வொண்ணா பழைய பேப்பர்ல சுத்தி அட்டைப்பெட்டியில அடுக்கிட்டு இருந்தாங்க. அடுப்புல பீன்ஸ் கொதிக்குது. அவங்க புருஷன் அன்செல்மோ ஜன்னலோரம் உக்காந்து மூச்சு மருந்த வாயில வச்சு இழுத்துட்டு இருந்தாரு. சித்தப்பா, வெளிநாட்டுல நான் இருக்கிற இந்த சாங்கர் ஊர்ல ஆகஸ்ட் வந்துட்டா எதிர்ல இருக்கிற மலையே தெரியாது, அவ்வளவு புழுதி. திராட்சைத் தோட்டத்துல தரையில காகிதம் விரிச்சு, பழத்தக் கொட்டி, காய வச்சே வயசான மனுஷன். அந்தப் புழுதி பூரா நெஞ்சுலதான் இருக்கு. கடல் பக்கம் போயிடுங்க, இங்கயே இருந்தா ஒவ்வொரு வெயில் காலமும் ஆஸ்பத்திரிதான்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மக ரோசால்பா இருக்கிற ஊரு கடலோரம். இந்த வீட்ட வித்துட்டு அவ பக்கத்துல ஒரு சின்ன வீடு வாங்கணும். அதுக்குத்தான் இந்தப் பெட்டியெல்லாம்.

"ஏ கிழவா, இந்த நீலக் கோப்பை வேணுமா, போட்டுடவா?"

"கைப்பிடி உடைஞ்சதையும் கட்டுறியா? அப்படியே என்னையும் கட்டிடு."

"உன் வாய்க்கு ஏத்த பெட்டி கடையில இல்ல."

அப்பத்தான் வீடு வித்துக் குடுக்குற ஏஜென்ட் அம்மா உள்ள வந்தாங்க. வந்தவங்க உக்காரல.

"வீட்ட வாங்க இருந்த அந்த வாத்தியார் குடும்பம் வேண்டாம்னுட்டாங்க."

"ஏன்? போன வாரம் கூட அந்தப் பொண்ணு சமையலறை ரொம்ப புடிச்சிருக்குன்னு சொல்லுச்சே."

"வீடு புடிச்சிருக்கு சார். கூரைதான் பிரச்சனை. மேல இருக்கிற சோலார் உங்களோடது இல்ல. இருபத்தஞ்சு வருஷ வாடகை. இன்னும் இருபது வருஷம் கிடக்கு, வருஷா வருஷம் ஏறிட்டே போகும். வீட்ட வாங்குறவங்க அதையும் சேத்து தலையில ஏத்துக்கணும். அவங்க மாட்டேன்னுட்டாங்க."

அன்செல்மோ சிரிச்சாரு. நிஜமாவே சிரிச்சாரு. "நீங்க வேற வீட்டுக் காகிதத்த பாத்துட்டீங்கம்மா. அது அரசாங்கத் திட்டம். எங்க கொம்பாத்ரே போட்டுக் குடுத்தது."

சித்தப்பா, நம்ம பக்கம் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பன் நிப்பாருல்ல, இங்கயும் அப்படித்தான். ரோசால்பாவ கையில ஏந்தி நின்னவரு நிகாசியோ. அன்னைலேர்ந்து அன்செல்மோவும் அவரும் ஒருத்தர ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல, கொம்பாத்ரேதான். கூடப் பொறந்தவனுக்கும் மேல. நான் இவங்க வீட்டுப் பின் ரூம்ல வாடகைக்கு இருக்கிறதால எல்லாத்தையும் கூடவே இருந்து பாத்தேன். நீங்களும் மாடியில சோலார் போட கையெழுத்து போடப் போறீங்க, ஆளு நமக்குத் தெரிஞ்சவர்தான்னு எங்க அம்மா சொன்னாங்க. கொஞ்சம் பொறுங்க. இத முழுசா கேட்டுட்டு அப்புறம் போடுங்க.

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நிகாசியோ இனிப்பு ரொட்டி வாங்கிட்டு வந்தாரு, கூடவே ஒரு டேப்லெட் கம்ப்யூட்டர். "அரசாங்கத் திட்டம், காசே வேண்டாம் கொம்பாத்ரே. வெயில் சும்மாதானே அடிக்குது? கரண்ட் பில் இனிமே கிடையாது. இந்தக் கட்டத்துல விரல் வச்சு கையெழுத்து போடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்." பேச்சு பூரா ஸ்பானிஷ்ல. டேப்லெட்ல இருந்தது பூரா இங்கிலீஷ். அதுவும் பக்கம் எதுவும் தெரியல, கையெழுத்துக் கட்டம் மட்டும் ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துட்டே இருந்துச்சு.

ஒதிலியா மட்டும் சொன்னாங்க, "சனிக்கிழமை ரோசால்பா வருவா. அவளுக்கு இங்கிலீஷ் நல்லா வரும், ஒரு தடவ படிச்சுப் பாக்கட்டுமே."

அன்செல்மோவுக்கு முகம் செவந்துடுச்சு. "தன்னோட ஞானத்தகப்பன அவ சோதிச்சுப் பாக்கணுமா? என்ன பேச்சு பேசுற?" அப்படியே விரல வச்சாரு. நிகாசியோ தலையக் குனிஞ்சு ரொட்டிய சாப்பிட்டுட்டு இருந்தாரு.

அப்புறம் கரண்ட் பில்லும் வந்துச்சு, சோலார்காரன் பில்லும் வந்துச்சு. "முதல்ல அப்படித்தான் இருக்கும், போகப்போக சரியாயிடும்"னு நிகாசியோ சொன்னாரு. இவங்களும் நம்பி ரெண்டையும் கட்டிட்டு இருந்தாங்க.

ஏஜென்ட் அம்மா போனதும் அன்செல்மோ தொப்பிய மாட்டிக்கிட்டு நேரா நிகாசியோ வீட்டுக்குப் போனாரு. அங்க முற்றத்துல இறைச்சி சுட்டுட்டு இருந்தாங்க.

"வாங்க கொம்பாத்ரே! சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க. தட்டு எடுங்க."

"தட்டு இருக்கட்டும். வீடு விக்க மாட்டேங்குது. வாடகைங்குறாங்க. நீங்க வந்து அந்த வாத்தியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

நிகாசியோ இறைச்சியத் திருப்பிப் போட்டாரு. "அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. வாங்குறவங்க பேருக்கு மாத்திடலாம்."

"மாட்டேங்குறாங்களே."

"அப்ப கம்பெனிக்கு மொத்தமா கட்டி முடிச்சிடுங்க."

"அத கட்டிட்டா கடலோரத்துல வீடு வாங்க என்ன மிஞ்சும்? நான் மூச்சு விடணும் கொம்பாத்ரே." சொல்லும்போதே இருமல் வந்துடுச்சு. அடங்குனதும் மேல கை காட்டுனாரு. நிகாசியோ கூரையிலயும் அதே மாதிரி சோலார் கறுப்பா பளபளன்னு இருந்துச்சு. "உங்களுக்கும் இதே வாடகைதானே? நாளைக்கு நீங்க வித்தா என்ன செய்வீங்க? அத எனக்கும் சொல்லுங்க."

சாலட் பாத்திரத்தோட வெளிய வந்த நிகாசியோ பொண்டாட்டி ஹெர்லிண்டாவுக்கு பேச்சு எதப் பத்தின்னே தெரியாது. "ஐயோ, எங்களுது வாடகை இல்லண்ணா, காசு குடுத்து வாங்குனது. வாடகைக்கு எடுத்தா பின்னாடி வீட்டையே விக்க முடியாதுன்னு இவர்தான் அப்பவே சொன்னாரே!"

நிகாசியோ இறைச்சியத் திருப்புறத நிறுத்திட்டாரு. கொழுப்பு நெருப்புல சொட்டிட்டு இருந்துச்சு.

"தெரிஞ்சேவா?"ன்னு அன்செல்மோ கேட்டாரு.

"நீங்க கேக்கவே இல்லையே கொம்பாத்ரே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எனக்கும் வீடு, குடும்பம்னு இருக்குல்ல? மாசத்துக்கு இத்தன கூரை புடிச்சுக் குடுத்தாதான் கமிஷன்."

"உன் கணக்குல நானும் ஒரு கூரைதானா நிகாசியோ?"

முப்பது வருஷத்துல அன்னைக்குத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. ஹெர்லிண்டா பாத்திரத்த அப்படியே கீழ வச்சிட்டாங்க.

வீட்டுக்கு வந்து கட்டுன பெட்டியெல்லாம் மறுபடி பிரிச்சாங்க. சாப்பிடத் தட்டு வேணுமே. ரோசால்பா போன்ல அழுதா. "நான் படிச்சிருப்பேனேப்பா, அஞ்சு நிமிஷத்துல படிச்சிருப்பேனே." அன்செல்மோ போன ஒதிலியா கையில குடுத்துட்டாரு. கோயிலுக்குப் போறதையும் விட்டுட்டாரு. ஏமாத்துனவன் கோயிலுக்குப் போறான், ஏமாந்தவன் வீட்டுக்குள்ள ஒளியிறான், நல்லா இருக்கு உன் நியாயம்னு ஒதிலியா திட்டி திட்டி ஒரு ஞாயித்துக்கிழமை இழுத்துட்டுப் போனாங்க.

பூசை முடிஞ்சா கோயில் ஹால்ல குடல் சூப் விப்பாங்க. கூட்டம் நிறைய. ஒரு மூலையில நிகாசியோ டேப்லெட்டோட உக்காந்திருந்தாரு. எதிர்ல ஈவான்னு ஒரு பையன், புதுசா கல்யாணம் ஆகி புதுசா வீடு வாங்குனவன், பக்கத்துல அவன் பொண்டாட்டி யெசேனியா. "வெயில் சும்மாதானே அடிக்குது?"ன்னு நிகாசியோ சொல்றது இவங்க காதுல விழுந்துச்சு.

அன்செல்மோ சூப் கிண்ணத்த ஒதிலியா கையில குடுத்துட்டு, ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு அந்த மேசையில உக்காந்தாரு.

"முதல் பக்கத்துலேர்ந்து வாசிங்க. ஸ்பானிஷ்ல சொல்லுங்க. நானும் கேக்கறேன்."

"கொம்பாத்ரே, இங்க வேண்டாமே..."

ஈவானுக்கு கூச்சமாயிடுச்சு. "பரவால்ல தாத்தா, வாசிக்கவெல்லாம் வேண்டாம். என் கல்யாணத்துல முன்னாடி நின்னவரே இவர்தான். நம்ம ஆளு."

"நம்ம ஆளுன்னா வாசிக்க என்ன கஷ்டம்?"

நிகாசியோ திரைய ரெண்டு தடவ தட்டுனாரு. "சார்ஜ் இறங்கிடுச்சு போல. இன்னொரு நாள் பாப்போம்."

"ஊரு பூரா வெயில வாடகைக்கு விடுற மனுஷனுக்கு டேப்லெட்டுக்கு சார்ஜ் இல்லையாம்!" ஒதிலியா கிண்ணத்தோட நின்னுக்கிட்டே சொன்னாங்க, ஹாலுக்கே கேக்குற மாதிரி. சூப் வரிசையில நின்ன பொம்பளைங்க சிரிச்சுட்டாங்க. நிகாசியோ டேப்லெட்ட பையில திணிச்சுட்டு யாரையும் பாக்காம வெளிய போனாரு.

அன்செல்மோ வீடு இன்னும் விக்கல. இப்பவும் அந்தப் புழுதியத்தான் இழுத்துட்டு இருக்காரு. ஆனா அன்னைக்கு யெசேனியா கேட்டா, "இப்படி கேட்டா மரியாதை இல்லாம இருக்காதா தாத்தா?" அவரு மூச்ச இழுத்து இழுத்து, நிறுத்தி நிறுத்தி சொன்னாரு:

"நானும் அப்படி நினைச்சுத்தான் ஏமாந்து போனேன்மா. படிக்கத் தெரிஞ்ச பொண்ணு எனக்கு இருந்தும் படிக்க விடல. யாரு காட்டுனாலும், கூடப் பொறந்தவனே காட்டுனாலும், முழுசா படிக்காம, புரியாம கையெழுத்து போடாத. உன்மேல அக்கறை இருக்கிறவன் நீ கேட்டா உக்காந்து வாசிச்சுக் காட்டுவான். கோவிச்சுக்கிட்டு எழுந்து போனான்னா, போகட்டும். உன் வீடாவது உனக்கு மிஞ்சும்."