பட்டனின் முன்னங்கால்

மூன்றாவது முறையும் பட்டன் டிரெய்லரின் ஏறுபலகைமேல் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. நெவில் கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தான். அடக்கத்துக்கென்று இஸ்திரி போட்டு உடுத்திய கறுப்புக் கால்சட்டை. காலில் மட்டும் மாட்டுக் கொட்டகை ரப்பர் பூட்ஸ். கோட்டைக் கழற்றி வேலிக் கதவில் மாட்டியிருந்தான்.

"ஏறித் தொலையேன் சனியனே. ஒரு நாள்தான். உன்னை என்ன கசாப்புக்கா கூட்டிட்டுப் போறேன்?"

மட்டக்குதிரை அவனைச் சட்டை செய்யவில்லை. அக்கா வீட்டுச் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றது. மெரில் அக்கா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடி ஐந்து நாளாகிறது. அந்தக் கதவு திறக்கும், தண்ணீரில் ஊறிய காய்ந்த புல்லை வாளியில் தூக்கிக்கொண்டு அவள் வருவாள் என்று அது இன்னும் காத்திருந்தது.

மணி எட்டரை. சர்ச் பதினொன்றுக்கு. மகள் பிரையனி பெர்த்திலிருந்து ராத்திரி விமானம் பிடித்து, ஆக்லாந்தில் இறங்கி, வாடகைக் காரில் நேரே அத்தை வீட்டுக்குத்தான் வருகிறாள். அவள் கண்ணில் படுவதற்குள் பட்டனை டிரெய்லரில் ஏற்றிக் குன்றுக்கு அந்தப் பக்கத்துக் கொட்டகையில் அடைத்துவிட வேண்டும். ஏனென்றால் பட்டன் செத்து ஒரு வருஷமாகிறது. மகளிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறான்.

பிரையனிக்கு ஒன்பது வயது நிறைந்தபோது வாங்கித் தந்த மட்டக்குதிரை அது. அவள் வளர்ந்து வேலைக்கென்று கடல் தாண்டிப் போனதும், வைப்பா ஆற்றோரத் துண்டு நிலத்தில் அதைக் கொண்டுபோய் விட்டான். வயிறு உரசும் அளவுக்குப் புல் நிற்கிற இடம். நானூறு பசு வைத்திருப்பவனுக்குப் புல்லைவிடப் பெரிய புண்ணியம் ஏது? உபகாரம் செய்ததாகவே நினைத்துக்கொண்டான். பசுவுக்குப் பாலாக இறங்குகிற அந்தக் கொழுத்த புல், மட்டக்குதிரைக்குக் குளம்புக்குள் வேக்காடாக இறங்கும். இது அவன் கேள்விப்படாத விஷயமல்ல. எட்டு மாதமாகப் போய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, உண்மை அதுதான்.

போன அக்டோபரில் போனபோது, குளம்புகள் ஜிகினாச் செருப்பின் முனைபோல மேல்நோக்கி வளைந்து, எழ முடியாமல் கிடந்தது. அவனைக் கண்டதும் கனைத்தது. அன்று சாயங்காலமே மகளை போனில் கூப்பிட்டு, "பட்டன் தூக்கத்துலயே போயிடுச்சும்மா, ஆத்தங்கரையில புதைச்சிட்டேன்" என்றான். மறுநாள் துப்பாக்கிக்காரனை வரவழைத்துச் சொன்னதை உண்மையாக்கிவிடலாம் என்று எண்ணம். மறுநாள் ஒரு பசு கன்று ஈன முடியாமல் தவித்தது. அதற்கு மறுநாள் மழை. இப்படியே நாலு நாள் போயிற்று. அந்த நாலு நாளை நினைத்தால் இப்போதும் அவனுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

ஐந்தாம் நாள், ஆற்றில் கீரை பறிக்கப் போன மெரில் அக்கா பார்த்துவிட்டாள். கூச்சல் போடவில்லை. டிரெய்லரைக் கொண்டுவந்தாள், பலகை போட்டு, கால்நடை வைத்தியரும் அவளும் இவனுமாகத் தள்ளி ஏற்றினார்கள்.

"பிரையனிகிட்ட செத்துருச்சுன்னு சொல்லிட்டேன் அக்கா."

அவள் டிரெய்லர் கதவைத் தாழிட்டாள். "சொன்ன வாயாலயே ஒருநாள் சாகலேன்னும் சொல்லிடு. ஊர்ல யார்கிட்டயும் நான் மூச்சு விட மாட்டேன்."

விடவும் இல்லை. பழைய மெத்தையை அறுத்துக் குளம்புகளுக்குக் கட்டினாள். முதல் மூன்று வாரம் கொட்டிலிலேயே படுத்தாள். புல்லின் இனிப்புப் போக வேளாவேளைக்கு ஊறவைத்துப் பிழிந்து போட்டாள். அறுபது வயதில், உள்ளே ஒரு கட்டி வளர்வது தெரியாமல், இத்தனையும் செய்தாள். எங்கிருந்தோ ஒரு நோஞ்சான் குதிரையைக் கொண்டுவந்து மெரில் பிழைக்க வைத்துவிட்டாள் என்று ஊரே பேசியது. அவனும் கூட நின்று தலையாட்டினான். ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை போனான். நாலு தடவையும் மன்னிப்புக் கேட்கத்தான் போனான். மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தான்.

கயிற்றை மறுபடி இழுக்கப் போனபோது ஒரு வண்டி உள்ளே வந்தது. லாடக்கார ரவிரி. மெரிலின் நாய் ஜெட் வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது.

"அட, நீயே பிடிச்சு வச்சிருக்கியா! நல்லதாப் போச்சு" என்று இறங்கினான் ரவிரி. "இன்னைக்கு அடக்கம்னு தெரியும்ப்பா. ஆனா ஆறு வாரத்துக்கு ஒரு புதன், அது மெரில் போட்ட சட்டம். 'நான் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, அந்தக் கடைசிக் கோட்டை வெட்டாம விட்டுடாதே'ன்னு சொல்லிட்டுல்ல போயிருக்கா."

"என்ன கோடு?"

ரவிரி குந்தி உட்கார்ந்து, பட்டனின் வலது முன்னங்குளம்பைக் காட்டினான். "மேல பாரு, வழவழன்னு இருக்கு. அடியில ஒரு கோடு மட்டும் மேடும் பள்ளமுமா இருக்கு பாரு. அது போன அக்டோபர். மேலேர்ந்து வளர்ந்து இறங்க ஒரு வருஷமாகும். மத்த மூணு கால்லயும் வெட்டியாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

நெவில் பார்த்தான். விரல் நகத்தின் அகலம்கூட இல்லை.

"மெரில்தான் பிடிச்சுக்குவா. உயரத் தூக்கினா மத்தக் காலுக்குப் பாரம் ஏறும், வலிக்கும். மண்டி போட்டு உன் முட்டி மேல வச்சுக்கணும். பாத்து, நல்ல கால்சட்டை."

நெவில் ஈரத் தரையில் மண்டியிட்டான். குளம்பு முட்டிமேல் ஏறியது. நினைத்ததைவிடக் கனமாக, சூடாக இருந்தது. ரவிரி குளம்பு வெட்டும் குறடு ஒன்றை எடுத்தான்.

"இதை இந்தக் கதிக்கு விட்டவன் எவனோ, அவன் கையில கிடைச்சா நாலு நாள் ஆணிப்பலகைமேல நிக்க வைப்பேன். நானும் எத்தனையோ தடவை கேட்டுப் பாத்துட்டேன். பேரு மட்டும் அவ வாயிலேர்ந்து வரல."

"ம்" என்றான் நெவில். எந்த நாலு நாள் என்று ரவிரிக்குத் தெரியாது. குனிந்திருந்ததில் முகம் தெரியாமல் போனது ஒரு வசதி.

அப்போதுதான் சரளைக் கல்மேல் கார் சக்கரம் நெரிகிற சத்தம் கேட்டது.

பிரையனி இறங்கினாள். ஒரு வருஷத்தில் மெலிந்திருந்தாள். டிரெய்லரைப் பார்த்தாள், இறக்கி வைத்த பலகையைப் பார்த்தாள், மண்டியிட்டிருந்த அப்பனைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் நேரே வந்து, "பட்டன்" என்று மட்டும் சொல்லி அதன் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள். குதிரை அவள் கைப்பையை மோந்தது.

"உன் பொண்ணா? சின்னப் பிள்ளையில பாத்தது" என்றான் ரவிரி. "தலையைப் பிடிச்சுக்கம்மா, அசையாம இருக்கும்."

அவள் கயிற்றை வாங்கிக்கொண்டாள். கதவில் தொங்கிய கோட்டு நழுவிச் சேற்றில் விழப் பார்த்தது; மறுகையால் எட்டிப் பிடித்தாள். மேல்பையிலிருந்து ஒரு மடித்த காகிதம் எட்டிப் பார்த்தது.

"சர்ச்சுல படிக்கிறதுக்கா இது?"

"வை அதை. அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் பிரித்தாள். எழுந்து பிடுங்க முடியாது. முட்டிமேல் குளம்பு இருந்தது.

"'என் அக்கா மெரில், வாயில்லா ஜீவன்களிடம் கொண்ட அன்பை ஊரறியும்'" என்று அவள் வாசித்தாள், குரலை உயர்த்தாமல். "'போன வருடம் எங்கிருந்தோ கொண்டுவந்த ஒரு மட்டக்குதிரையை…'" நிறுத்தினாள். "எங்கேர்ந்துப்பா?"

ரவிரி குறட்டைக் குளம்பில் பொருத்தியவன் அப்படியே இருந்தான்.

சொல்லாமல் தப்பிக்கிற வழி எல்லாவற்றையும் நெவில் ஒருமுறை தேடிப் பார்த்தான். ஒரு வருஷம் பழகிய கை, தானாகத் தேடியது.

"நம்ம ஆத்தோரத் துண்டுலேர்ந்து" என்றான். பிறகு, ரவிரியை நிமிர்ந்து பார்த்து, "நான்தான் ரவிரி. நாலு நாள் கிடந்துச்சு. தெரிஞ்சேதான் விட்டேன்."

ரவிரி குறட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "கொஞ்சம் கீழ இறக்கிப் பிடி. அதுக்கு வலிக்குது" என்றான். அவன் பேச்சில் வழக்கமாக ஒட்டியிருக்கும் 'ப்பா' காணாமல் போயிருந்தது. குறடு கடித்தது. கடைசிக் கோடு, தேய்ந்த பிறை அளவுத் துண்டாகப் புல்லில் விழுந்தது. காத்திருந்த ஜெட் அதைக் கவ்விக்கொண்டு டிரெய்லருக்கு அடியில் போய், முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்து நறநறவென்று கடித்தது.

அவன் குளம்பை மெல்லத் தரையில் இறக்கிவிட்டு எழுந்தான். கால்சட்டையின் முட்டி இரண்டும் சேறு.

"உனக்கு எப்போ தெரியும்?" என்று மகளைக் கேட்டான்.

"போன நவம்பர்லயே. ஆத்தங்கரையில எந்த இடம்னு அத்தைகிட்ட போன்ல கேட்டேன், ஒரு செடி வைக்கச் சொல்லலாம்னு. அத்தைக்குப் பொய் சொல்ல வராதே. அழுதுட்டாங்க. அப்பாவே சொல்லட்டும்டி, நீ கிளறாதேன்னாங்க."

"நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேட்டேனேப்பா."

கேட்டிருக்கிறாள். போனை வைப்பதற்கு முன்னால், ஒவ்வொரு ஞாயிறும், "வேற என்னப்பா சேதி?" என்று. ஒண்ணுமில்லம்மா, மழைதான் என்று சொல்லியிருக்கிறான். மறுமுனையில் அவள் கொஞ்சம் பொறுத்துத்தான் வைப்பாள். தொலைதூர லைன், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தான்.

அவன் பட்டனின் கழுத்தில் கை வைக்கப் போய், வைக்காமல் இறக்கிக்கொண்டான். ரவிரி கருவிகளைப் பெட்டியில் அடுக்கினான். பிரையனி காகிதத்தை நீட்டினாள். வாங்கி, அந்த வரியை ஒருமுறை பார்த்தான்.

"பென்சில் இருக்கா?"

ரவிரி காதிலிருந்த கட்டைப் பென்சிலை எடுத்தான். உடனே கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தான்.

வைத்து எழுத அங்கே வேறு இடம் இல்லை. நெவில் காகிதத்தைப் பட்டனின் முதுகில் விரித்து, ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டான். கையடியில் முதுகு வெதுவெதுப்பாக ஏறி இறங்கியது. 'எங்கிருந்தோ' என்பதை அடிக்கும்போது, மெத்தென்ற ரோமத்தில் பென்சில் முனை அழுந்திக் காகிதம் ஓட்டையாகிவிட்டது. பட்டன் தோலைச் சிலிர்த்தது. ஆனால் நகரவில்லை. அவன் எழுதி முடிக்கும்வரை நின்றது.