எஞ்சினுக்கு இடம் பார்த்த கதை

நவராத்திரிக்கு முந்தின வாரம், திருமங்கலம் ரோட்டில், துளசிராமின் அம்பாசிடர் புகை விட ஆரம்பித்தது. நீலப் புகை. பின்னால் வந்த பஸ் டிரைவர் முந்திப் போகும்போது தலையை நீட்டி, கொசுவுக்கு மருந்தடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

துளசிராம் சுங்குடிச் சேலை வியாபாரி. விளாங்குடியில் வீடு. சேலைகளை மூட்டை கட்டிக் காரின் பின்சீட்டில் அடுக்கி, திருமங்கலம், கள்ளிக்குடி, விருதுநகர் என்று கடை கடையாகப் போட்டுவருவார். வருஷத்து வியாபாரத்தில் பாதி தீபாவளியை ஒட்டித்தான். கார் இல்லையென்றால் மூட்டைகள் பஸ் கூரைக்கு ஏற வேண்டும். ஐப்பசியில் ஒரு மழை போதும், ஒரு சேலையின் சிவப்பு அடுத்த சேலையின் மஞ்சளில் இறங்கிவிடும். தீபாவளிக்குள் வண்டி ஓடியாக வேண்டும்.

எஞ்சினை இறக்காமல் முடியாது என்பதில் எல்லா மெக்கானிக்குகளும் ஒத்துப்போனார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகவில்லை. ஒரு பட்டறையில் எஞ்சினையே மாற்றச் சொன்னார்கள். அந்தப் பணத்துக்கு இன்னொரு பழைய கார் வாங்கலாம். இன்னொரு பட்டறையில் படு மலிவாகச் சொன்னார்கள். அதைக் கேட்டதும் துளசிராம் வண்டியைத் திருப்பிக்கொண்டார். பிரித்துப் போட்ட பிறகு விலை ஏறினால் என்ன செய்வது? எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போக முடியாது.

தெருமுனையில் வாடகைக் கார் ஓட்டும் பால்பாண்டிதான் கோரிப்பாளையத்துச் சிவனாண்டியின் பெயரைச் சொன்னான்.

“கோபம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்ணே. கை சுத்தம்.”

துளசிராம் போய்வந்தார். வந்து மனைவி கனகலட்சுமியிடம் நடந்ததைச் சொன்னார். சிவனாண்டி வண்டியை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாராம். புகைக்குழாயில் விரலை விட்டுக் கரியைத் தேய்த்துப் பார்த்தாராம். சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன் மாற்றி, எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து எண்ணூறு, பத்து நாள் என்றாராம். இதுவரை நல்லது. சரி, எப்போது வண்டியை விடட்டும் என்று கேட்டதற்கு, வேலையை எடுக்கிறேனா இல்லையா என்பதைச் சொல்லி அனுப்புகிறேன், வீடு எங்கே என்று விலாசம் மட்டும் கேட்டுக்கொண்டாராம்.

வேலை தேடி வந்தால் எந்த மெக்கானிக்காவது யோசிப்பானா என்று கனகலட்சுமி கேட்டாள். அவருக்கும் அது புரியவில்லை.

“நான் விசாரிச்சுட்டு வாரேன்” என்றாள்.

விசாரிப்பது அவளுக்குக் கைவந்த வேலை. அவர்கள் சௌராஷ்டிரர்கள். சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும் மாப்பிள்ளை வீட்டுத் தெருவுக்கு முதலில் கனகலட்சுமிதான் போவாள். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள்போல் நுழைவாள். மளிகைக் கடை, தையல் கடை, காய்கறி வண்டி. அக்கம்பக்கம் எப்படி, இந்த வீட்டுக்காரர்கள் எப்படி என்று பேச்சை வளர்ப்பாள். மாலைக்குள் அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறை அவள் முந்தானையில் முடிந்திருக்கும். போன வருஷம் திருமங்கலத்துப் பருத்தி வியாபாரி ராமதாஸ் வீட்டுச் சம்பந்தத்தை அவள்தான் வேண்டாம் என்று தடுத்தாள். அந்த வீட்டில் மாடி பாதி எழும்பி, கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. கொல்லையில் கிணறு பாதி வெட்டி நின்றது. கார் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார்கள். எங்கே என்று கேட்டதற்குப் பட்டறைக்குப் போயிருக்கிறது என்றார்கள். பெண் வீட்டாருக்கு வருத்தம்தான். கனகலட்சுமி அசையவில்லை. தொடங்கியதை முடிக்காத வீட்டில் பெண்ணைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டாள்.

கோரிப்பாளையத்தில் தர்கா பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி அவள் அதே வேலையைத் தொடங்கினாள். வாடகைக்கு வீடு. மெக்கானிக் பட்டறை பக்கத்தில் சத்தமாக இருக்குமோ? ஆள் எப்படி? சிவனாண்டி பாக்கி வைப்பதில்லை என்றார் மளிகைக் கடைக்காரர். கோபம் வந்தால் சுத்தியலை வீசுவார், ஆள்மேல் அல்ல, சுவர்மேல் என்றார் தையல்காரர். காய்கறி வண்டியில் ஒரு பெண் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உயரமான பெண், நெற்றியில் பெரிய பொட்டு. அவளையும் கனகலட்சுமி கேட்டாள்.

“சொன்ன காசுக்கு மேல வாங்க மாட்டாரு. குறைக்கவும் மாட்டாரு” என்றாள் அந்தப் பெண். பிறகு கனகலட்சுமியை மேலும் கீழும் பார்த்தாள். “வாடகைக்கு வர்றவுகளுக்கு அதெல்லாம் எதுக்கும்மா?”

கனகலட்சுமி வெண்டைக்காய் விலையைக் கேட்டபடி நழுவினாள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, பட்டறையை எட்டிப் பார்க்கும் வரை. கொட்டகைக்குப் பின்னால் மூன்று கார்கள் நின்றன. மூன்றிலும் எஞ்சின் இல்லை. ஒன்றின்மேல் பாகற்கொடி படர்ந்து காய்த்திருந்தது. பச்சைக் கார் ஒன்றின் முன்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

அவள் வீட்டுக்கு வந்து காலைக்கூடக் கழுவவில்லை.

“அந்த இடம் வேண்டாம்” என்றாள். பிரிப்பான், மாட்ட மாட்டான். நம் காரிலும் கோழி முட்டையிடும்.

மகள் சூடாமணி தட்டெழுத்து வகுப்பிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். ஜாதகம் வாங்கிப் பார்த்தாயா அம்மா என்று வீட்டு மொழியில் கேட்டுவிட்டு, அடி விழாத தூரத்துக்குப் போனாள். துளசிராம் சிரிக்கவில்லை. வேறு இடம் பார்க்க நாள் இல்லை என்றார். சாயப் பட்டறையிலிருந்து முதல் மூட்டைகள் வந்து கூடத்தில் கிடந்தன. அவர் அவற்றின்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

மூன்று நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அகிலாண்டம் மதில் மேலாகக் கூப்பிட்டாள். அவள் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். அவர்கள் வீட்டுக் கொலுவுக்குத் தெருவே வந்துபோகும்.

“கனகம், சமாச்சாரம் தெரியுமோ? ஒருத்தி வந்திருந்தா. கொலு பாக்க வந்தவளாக்கும்னு உக்காத்தி வெச்சுச் சுண்டல் குடுத்தேன். சுண்டலைத் தின்னுண்டே உங்காத்தைப் பத்தித் துருவித் துருவிக் கேட்டா. நம்ம சூடாமணிக்கு எங்கேயோ இடம் அமையறது, பாரு.”

நான் உங்களைப் பற்றி நல்லதாகத்தான் சொன்னேன் என்று அகிலாண்டம் சேர்த்துக்கொண்டாள். அப்படிச் சொன்னதால் கொஞ்சம் கெட்டதும் சொல்லியிருக்கிறாள் என்று கனகலட்சுமிக்குத் தெரிந்தது.

மாலைக்குள் செய்தி தெருவெல்லாம் பரவிவிட்டது. அந்தப் பெண் எண்ணெய்க் கடையிலும் கேட்டிருந்தாள், பால்காரரிடமும் கேட்டிருந்தாள். வந்தவள் நம் ஜனம் இல்லை என்று எண்ணெய்க் கடைக்காரர் சொன்னதும் கதை வேறு பக்கம் திரும்பியது. மறுநாள் துளசிராமின் அக்கா, தங்கள் ஜனம் வசிக்கும் மஹால் பக்கத்திலிருந்து ரிக்‌ஷாவில் வந்து இறங்கி, தண்ணீர்கூடக் குடிக்காமல், சூடாமணி தட்டெழுத்து வகுப்பில் யார் பக்கத்தில் உட்கார்கிறாள் என்று கேட்டாள். சூடாமணி, மிஷின் பக்கத்தில் என்றாள்.

கனகலட்சுமி எதிலும் கலந்துகொள்ளவில்லை. அகிலாண்டத்திடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். வந்தவள் என்ன சொல்லிக்கொண்டு வந்தாள்?

வாடகைக்கு வீடு வேண்டும் என்று.

அது என் பொய் ஆயிற்றே என்று கனகலட்சுமி நினைத்தாள்.

சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காலையில் அந்தப் பெண் நேராக வீட்டுக்கே வந்தாள். உயரம், பெரிய பொட்டு. காய்கறி வண்டியில் பார்த்த அதே பெண். வாசலில் நின்றபடி கனகலட்சுமியைப் பார்த்துச் சிரித்தாள்.

“வீடு கிடைச்சுதாக்கா?”

“உங்களுக்குக் கிடைச்சுதா?” என்றாள் கனகலட்சுமி.

அவள் பெயர் ராமக்காள். சிவனாண்டியின் மனைவி. உள்ளே வந்து, சேலை மூட்டைகளுக்கு நடுவே இடம் பிடித்து உட்கார்ந்தாள். காப்பியை ஒரே மூச்சில் குடித்தாள். அவள் வீட்டுக்காரருக்கு எஞ்சினைக் கண்டால் போதுமாம். யார், எவர் என்று பார்க்காமல் இறக்கிவிடுவாராம். உடையவர்கள் முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள், திரும்ப மாட்டார்கள். அப்படித்தான் பின்னால் மூன்று வண்டிகள். அதற்குப் பிறகு ராமக்காள் சட்டம் போட்டுவிட்டாள். அவள் போய் விசாரித்து, சரி என்று சொன்னால்தான் ஸ்பேனர் கையில் எடுக்கலாம்.

கனகலட்சுமி மூன்று கார்களைப் பார்த்தாளே தவிர, அவை யாருடையவை என்று அவள் யாரையும் கேட்கவில்லை. இப்படி ஒரு கேள்வியை அவள் இதுவரை விட்டதில்லை. ஆனாலும் உடனே இறங்கிவரவில்லை. சொல்வது எளிது என்று நினைத்தாள்.

“அந்தப் பச்சைக் கார் யாருது?”

“கோழி படுக்குமே, அதுவா? திருமங்கலத்துப் பருத்தி யாவாரி, ராமதாஸ்னு. வருசம் ரெண்டாச்சு. நாளைக்கு வாரேன், நாளைக்கு வாரேன்னு சொல்லிக்கிட்டே இருக்காக.”

கனகலட்சுமி எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பாதி மாடி, பாதிக் கிணறு, பட்டறைக்குப் போன கார். சூடாமணி அடுக்களையிலிருந்து ஓடிவந்து பார்த்தாள். கனகலட்சுமி மூச்சு வாங்கிக்கொண்டே ராமதாஸ் வீட்டுக் கதையைச் சொன்னாள். கம்பி நீட்டிய மாடியைக் கையால் காட்டினாள். ராமக்காளும் சிரித்தாள். பாக்கி கேட்கப் போனபோது அந்த மாடியைக் கீழே நின்று அவளும் பார்த்திருக்கிறாள்.

“இதை முன்னாலயே யாராவது சொல்லிருந்தா எஞ்சினை இறக்கவே விட்டிருக்க மாட்டேன்” என்றாள்.

எங்கள் வீட்டைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கனகலட்சுமி கடைசியில் கேட்டாள். அதைக் கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

“ஐயா சொன்ன நாளுக்குக் குடுத்துருவாருன்னு எண்ணெய்க் கடையில சொன்னாக. ஒங்களைத்தேன்...”

“சொல்லுங்க.”

“கத்தரிக்காயைக் கிள்ளிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருவீகளாம். அந்த மதிலுக்கு அங்கிட்டு இருக்க அம்மா சொன்னாக.”

“கிள்ளாம எப்படி வாங்குறது?”

“அதேன்” என்றாள் ராமக்காள். “நானும் கிள்ளித்தேன் பாக்குறேன்.” காலி டம்ளரைத் தள்ளிவைத்தாள். “நாளைக்கு வண்டியைக் கொண்டாந்து விடச் சொல்லுங்க.”

மேலும் ஓட்டிக் கெடுக்க வேண்டாம் என்று, பால்பாண்டியின் காரில் கயிறு கட்டி அம்பாசிடரைக் கோரிப்பாளையத்துக்கு இழுத்துப்போனார்கள். தெரு வாசலில் நின்று வழியனுப்பியது. துளசிராமின் அக்கா மட்டும் இன்னும் சமாதானமாகாமல் சூடாமணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை கனகலட்சுமி பட்டறைக்குப் போனாள். சிவனாண்டி குட்டையான மனிதர், மனைவியின் தோளுக்கு இருப்பார். பேசுவதே இல்லை. லேத் பட்டறையில் கடையக் கொடுத்த சிலிண்டர் ஒரு நாள் தாமதமாக வந்தபோது சுத்தியல் சுவருக்குப் பறந்தது. கோழி கத்திக்கொண்டே பச்சைக் காரை விட்டு ஓடியது. ராமக்காள் சுத்தியலை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். வேலை தொடர்ந்தது. கழற்றிய பழைய பிஸ்டன்களைக் கோணியில் கட்டித் துளசிராமிடம் ஒப்படைத்தார்கள். அதில் ஒன்றைச் சூடாமணி பேனா வைக்க எடுத்துக்கொண்டாள்.

சொன்ன காசு. சொன்ன நாளுக்கு ஒரு நாள் அதிகம், அது லேத் கணக்கு.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வண்டி திருமங்கலத்துக்குக் கிளம்பியது. புது பிஸ்டன் பழகும்வரை நாற்பதைத் தாண்டக் கூடாது என்று சொல்லிச் சிவனாண்டி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். முள் நாற்பத்திரண்டைத் தொட்டபோது, இறங்கிருவேன் என்றார். வழியெல்லாம் அவர் பேசியது அவ்வளவுதான். பின்சீட்டில் மூட்டைகளுக்கு இடையில் கனகலட்சுமியும் ராமக்காளும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ராமக்காளுக்கு ராமதாஸிடம் வேலை இருந்தது. தீபாவளிக்குள் பச்சைக் காரை எடுக்கவில்லையென்றால் அது கோழிக்கே சொந்தம் என்று சொல்ல வேண்டும். கனகலட்சுமிக்கும் அந்த ஊரில் ஒரு வேலை இருந்தது. அதை அவள் வீட்டில் சொல்லவில்லை.

வானம் கறுத்து, கப்பலூரைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போன பஸ்ஸின் கூரையில் யாருடைய மூட்டைகளோ நனைந்துகொண்டிருந்தன. துளசிராம் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஈரச் சாலை தெளிவாகத் தெரிந்தது. புகை இல்லை.

திருமங்கலத்தில் மழை விட்டிருந்தது. கடைவீதிக்கு முந்தின தெருமுனையில் கனகலட்சுமி வண்டியை நிறுத்தச் சொன்னாள். இந்தத் தெருவில் நமக்குக் கடை இல்லையே என்றார் துளசிராம். சூடாமணிக்கு ஒரு வரன் வந்திருக்கிறது, பையனுக்குப் பாங்கில் வேலை, நாலாவது வீடு என்று அவள் சொன்னாள். சொல்லிக்கொண்டே ராமக்காளின் கையைப் பிடித்து இறக்கினாள்.

இருவரும் சேலையைச் சரிசெய்துகொண்டு தெருவைப் பார்த்தார்கள். ஒரு மளிகைக் கடை, ஒரு தையல் கடை, தள்ளி ஒரு காய்கறி வண்டி.

“நீங்க மளிகைக் கடைக்குப் போங்கக்கா” என்றாள் ராமக்காள். “நான் கத்தரிக்காயைப் பாக்குறேன்.”

துளசிராம் சாவியில் கை வைத்தார். அணைக்க மனம் வரவில்லை. சிவனாண்டி கண்ணை மூடி எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் அணைக்கச் சொல்லவில்லை.